மக்கு எனும் முத்திரை

“மக்கு!”

மூன்றே எழுத்து. சொல்ல ஒரு நொடி போதும். சுமக்கவோ ஓர் ஆயுள் போதாது!

பிள்ளை பிறந்ததும் பிரமன் வந்து நெற்றியிலே எழுதிவிட்டுப் போகிறான் என்று பழமை பேசியது. எழுத்தாணி எது, மை எது, எந்த மொழியில் எழுதினான் என்று கேட்டு அந்தக் கதையை ஊர் சிரிக்க வைத்தோம். நல்லது. ஆனால், தோழர்களே, பிரமனை வேலையை விட்டு நீக்கிய பிறகு அவன் பார்த்த வேலையை யார் பார்க்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தோமா? வகுப்பறையிலே சாக்பீசு பிடித்த கை பார்க்கிறது! “இவனுக்குப் படிப்பு ஏறாது.” “இவள் ஒரு மாதிரி.” “அவன் அடங்காப்பிடாரி.” எழுதியாகிவிட்டது தலையெழுத்து. பிரமன் எழுத்தையாவது ஒருவரும் கண்ணால் கண்டதில்லை. இந்த எழுத்தையோ வகுப்பிலுள்ள அத்தனை பிள்ளைகளும் படித்து, தெருவெல்லாம் ஒப்பிக்கிறார்கள். பிரமன் எழுத்துக்கு ‘ஏன்?’ என்று கேட்டவன், இந்த எழுத்துக்கு மட்டும் தலையாட்டிவிட்டுப் போவது என்ன பகுத்தறிவு?

நான் ஆசிரியன் அல்லன், மருத்துவனும் அல்லன். போடிநாயக்கனூரில் ஏலக்காய்க் கடையொன்றில் கணக்கு எழுதுபவன். பகலெல்லாம் பேரேடும் ஏலக்காய் மணமும். மாலையானால் எங்கள் தெருப் படிப்பகமும் அங்கே வந்து கூடும் பிள்ளைகளின் இரைச்சலும்.

எங்கள் ஊரை அறியாதவர்களுக்கு ஒரு சொல். மேற்கே மதில் எழுப்பியது போல மலை. அடிவாரத்து முந்தலைக் கடந்து 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. அதற்கப்பால் கேரளம், பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என்று ஏலத்தோட்டங்கள். அந்தத் தோட்டங்களில் களை எடுப்பவர்களும் காய் எடுப்பவர்களுமாக இந்தப் பக்கத்துப் பெண்கள் ஆயிரமாயிரம். விடியுமுன்னே ஜீப்புகள் உறுமும். தூங்கும் பிள்ளையைத் தூங்கும்படியே விட்டுவிட்டுத் தூக்குச்சட்டியுடன் ஏறுவாள் தாய். அவள் திரும்பும்போது பிள்ளை மறுபடி தூங்கப் போகும் நேரம். இடையிலே அம்மாச்சியோ அப்பத்தாவோதான் அந்தப் பிள்ளைக்கு வீடு. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏல மையம் எங்கள் ஊரில் இருக்கிறது. கிலோவுக்கு என்ன விலை என்பது நொடிக்கு நொடி திரையிலே மின்னும். அந்தக் காயை எடுத்தவளின் மகன் பள்ளியில் என்ன ஆனான் என்பது மட்டும் எந்தத் திரையிலும் மின்னுவதில்லை.

அத்தகைய ஒரு மகன்தான் எங்கள் படிப்பகத்துக்கு வந்தான். வயது 10. ஐந்தாம் வகுப்பு. பள்ளியிலே அவன் புகழ் பெரிது! பெஞ்சின் மேல் ஏறுவான். மேசைக்கடியில் படுப்பான். பக்கத்துப் பிள்ளையின் பென்சிலைப் பிடுங்கி வெளியே எறிவான். “எழுந்து வாசி” என்றால் அவனுக்குத் தாகம் எடுக்கும், வயிறு வலிக்கும், அவசரமாக வெளியே போக வேண்டியிருக்கும். “வெளியே போ!” என்பதே நாள்தோறும் வழங்கப்பட்ட தீர்ப்பு. போவான். வேப்பமரத்தடியில் நிற்பான். முகத்திலே வருத்தமில்லை, ஒரு நிம்மதி! அந்த நிம்மதியைக் கண்டவர்கள் ‘திமிர்’ என்று பெயரிட்டார்கள்.

அவனுடைய அம்மாச்சி ஒருநாள் என்னிடம் வந்தார். “கணக்குப்பிள்ளை, இவன் எங்க வீட்டுக் கிழவன் மாதிரியே முரடு. நீங்க ரெண்டு போடுங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்” என்றார்.

“அடித்தால் எழுத்துத் தெரிந்துவிடுமா ஆத்தா?”

“எழுத்து எங்கே தெரியும்? பயம் தெரியும்ல.”

கல்வித்துறையின் சுற்றறிக்கைகள் பக்கம் பக்கமாகச் சொல்வதைப் படிக்காத கிழவி ஒரே வரியில் சொல்லிவிட்டார்! பிரம்பு கற்றுக்கொடுப்பது அச்சத்தை, எழுத்தை அன்று. தமிழ்நாட்டின் கல்வி விதிகளில் 2003ஆம் ஆண்டிலேயே பிரம்படிக்கு இடமில்லை என்று திருத்தினார்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தன் 17ஆம் பிரிவில் உடலை வருத்துவதையும் உள்ளத்தை வருத்துவதையும் ஒருசேரத் தடுக்கிறது. உடலைத் தொடாமலே உள்ளத்தை வருத்தும் வித்தையில் நம்மவர் வல்லவர் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் அறிந்திருக்கிறார்கள் போலும்.

அவன் பள்ளிக்கு அவ்வப்போது வந்துபோகும் சிறப்பாசிரியை ஒருவர் உண்டு. ஒருநாள் படிப்பகத்துக்கும் வந்தார். பையனின் புகழையெல்லாம் நான் அடுக்கிச் சொன்னபோது அவர் எதற்கும் வியக்கவில்லை. “ஐயா, ஒரு கோடு போட்ட நோட்டு வாங்குங்கள். பக்கத்துக்கு மூன்று கட்டம் போடுங்கள். குறும்புக்கு முன்னால் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அதன் பின்னால் என்ன நடந்தது. இவ்வளவுதான். திமிர், சோம்பல், பொறாமை என்ற சொல் எதுவும் அதிலே வரக்கூடாது. கண்ணால் கண்டதை மட்டும் எழுதுங்கள்” என்றார்.

பேரேடு எழுதிப் பழகியவனுக்கு இதைவிட உவப்பான வேலை ஏது? படிப்பகத்தில் நான் எழுதினேன். பள்ளியில் வகுப்பாசிரியை, முதலில் முகம் சுளித்தாலும், எழுதினார். மூன்று வாரம் கழிந்து இரண்டு நோட்டுகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தோம். முதல் கட்டத்தில் திரும்பத் திரும்ப வந்தவை இரண்டே: ‘உரக்க வாசிக்கச் சொன்னது’, ‘கரும்பலகையில் உள்ளதைப் பார்த்து எழுதச் சொன்னது’. மூன்றாம் கட்டத்தில் வந்தது பெரும்பாலும் ஒன்றே: ‘வெளியே அனுப்பியது’. வாய்க்கணக்கு நடந்த வேளையில் ஒரு குறும்பும் பதிவாகவில்லை. கதை சொன்ன வேளையில் முன்வரிசைக்கு வந்து உட்கார்ந்திருக்கிறான்!

கணக்கு நேராகிவிட்டது. வாசிப்பு அவனுக்கு நெருப்பு. நெருப்பிலிருந்து தப்ப அவன் கண்டுபிடித்த கதவு குறும்பு. ‘வெளியே போ’ என்பது அந்தக் கதவைத் திறந்துவிடும் சாவி. தண்டனை என்று எண்ணி நாள்தோறும் அவனுக்கு வழங்கப்பட்டது, அவன் கேட்ட பரிசு! குறும்பு வளராமல் வேறு என்ன செய்யும்? வேறொரு பிள்ளையின் நோட்டில் வேறு கணக்கு வரும். ஒருவன் யாராவது தன்னைப் பார்க்க மாட்டார்களா என்று ஏங்கிக் கத்துவான். ஒருத்தி காதைத் துளைக்கும் ஓசை தாங்காமல் ஓடுவாள். இன்னொருவனுக்கு ஒரே இடத்தில் இருக்க உடல் ஒப்பாது, ஏ.டி.எச்.டி. என்று இன்று மருத்துவர் குறிப்பிடும் நிலை அது. 1902இல் இலண்டனில் அதைப் பற்றி விரிவுரை ஆற்றிய மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில், ‘ஒழுக்கக் கட்டுப்பாட்டில் உள்ள குறை’ என்றே அதற்குப் பெயரிட்டார். அறிஞருக்கே அன்று ஒழுக்கக் கண்ணாடியைக் கழற்ற முடியவில்லை!

எங்கள் பையனின் நிலைக்குப் பெயர் டிஸ்லெக்சியா. இதுவும் நேற்று முளைத்த நாகரிக நோயன்று. 1896ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் கடற்கரை ஊரொன்றில் பிரிங்கிள் மார்கன் என்ற மருத்துவர், பெர்சி என்ற 14 வயதுச் சிறுவனைப் பற்றி மருத்துவ ஏடொன்றில் எழுதினார். அறிவுள்ள பிள்ளை, விளையாட்டில் சளைக்காதவன், கணக்கில் தெளிவானவன். ஏழாண்டுகள் பாடம் சொல்லியும் சொற்களை வாசிக்க மட்டும் வரவில்லை. பாடமெல்லாம் வாய்மொழியாகவே நடக்குமானால் இப்பள்ளியிலேயே இவன்தான் கெட்டிக்காரன் என்று அவனுடைய ஆசிரியர் கருதியதையும் மார்கன் குறித்து வைத்தார். ஒலிக்கும் எழுத்துக்கும் இடையே மூளை போடும் முடிச்சு சிலருக்கு மெல்லவும் தளர்வாகவும் விழுகிறது. இது குடும்பவழி வருவது. அறிவுக் குறைவோ கண் குறையோ சோம்பலோ அல்ல என்பதை அதன் பின் வந்த ஆராய்ச்சிகள் நிலைநாட்டின. ‘கிழவன் மாதிரியே’ என்று அம்மாச்சி சொன்னதில் ஒருவேளை பாதி உண்மை இருக்கலாம். அந்தக் கிழவரும் எழுத்தை வாசிக்க முடியாமலே முரடர் என்று பெயரெடுத்தாரோ, யார் கண்டார்?

தமிழ் எழுத்தை எண்ணிப் பாருங்கள். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. நமக்குப் பழகிவிட்டது, அதனால் எளிது என்கிறோம். ‘கொ’ என்ற எழுத்தைக் காணுங்கள். முன்னே ஒரு கொம்பு, பின்னே ஒரு கால், நடுவே ‘க’. காதுக்கு முதலில் கேட்பது மெய். பின்பு கேட்பது உயிர். கண்ணுக்கோ உயிரின் பாதி முன்னால் வந்து நிற்கிறது! ‘கடல்’, ‘தங்கம்’, ‘பகல்’ மூன்றிலும் ‘க’ ஒன்றே, ஒலி மூன்று. ன-ண-ந, ல-ள-ழ, ர-ற எனப் பக்கத்து வீட்டு இரட்டையர் போல் நிற்கும் எழுத்துகள் வேறு. பத்துப் பிள்ளைகளில் பெரும்பாலோர் இதைத் தட்டுத்தடுமாறித் தாண்டிவிடுவர். தாண்ட இயலாமல் நிற்பவனைப் பார்த்து ‘மக்கு’ என்பது, மலைப்பாதையில் தன் ஜீப்பு ஏறிவிட்டதால் நடந்து வருபவனை நொண்டி என்பது போலன்றோ?

நம் தோழர்களுக்கு இதிலே ஒரு தனிப் பொறுப்பு உண்டு. தமிழ் எழுத்தில் கற்போர்க்குத் தடையாயிருந்த சில வடிவங்களைச் சீர்திருத்தி, 1935ஆம் ஆண்டில் குடி அரசு ஏட்டிலே அச்சேற்றினார் பெரியார். துதிக்கை போல் வளைந்த கொம்புடன் எழுதப்பட்ட ‘லை’, ‘ளை’, ‘ணை’, ‘னை’ ஆகியனவும், தனி வடிவங்களில் சுழன்ற ‘ணா’, ‘றா’, ‘னா’ ஆகியனவும் மற்ற எழுத்துகளைப் போலவே எழுதப்படலாயின. ‘முன்னோர் எழுத்தை மாற்றுவதா, தமிழ் கெட்டது’ என்று புலம்பியோர் பலர். 1978இல் தமிழ்நாட்டு அரசே அச்சீர்திருத்தத்தை ஏற்றது; தமிழ் கெடவில்லை. இன்று இதைப் படிக்கும் நீங்கள் படிப்பது அந்த எழுத்தைத்தான். கற்பவனால் எழுத்தைப் பிடிக்க இயலவில்லை என்றால் கற்பவனைத் திட்டாதே, எழுத்தைத் திருத்து என்பதன்றோ அதன் உட்பொருள்! எழுத்தையே திருத்தலாம் என்றவர் வழிவந்தோர், உட்காரும் வரிசையைத் திருத்தவும், வாசிக்கச் சொல்லும் முறையைத் திருத்தவும் தயங்குவதா?

படிப்பகத்தில் நாங்கள் செய்தது பெரிய காரியமன்று. சிறப்பாசிரியை சொல்லச் சொல்ல, ஒரு பழைய தகரத் தட்டிலே மணல் பரப்பினோம். ஒலியைச் சொல்லிக்கொண்டே விரலால் பெரிதாக எழுதுவான். கண்ணும் காதும் விரலும் சேர்ந்து ஒரே எழுத்தைப் பிடிக்கும். ‘அட, இது திண்ணைப் பள்ளிக்கூடத்து மணல் அல்லவா?’ என்பீர்கள். ஆம், அதுவேதான். அந்தத் திண்ணையில்தான் பிள்ளையைக் கயிற்றிலே தொங்கவிடும் ‘கோதண்டம்’ என்ற தண்டனையும் இருந்தது. மணலை எடுத்துக்கொள்வோம், கோதண்டத்தைக் குப்பையிலே போடுவோம். பழமை என்பதற்காக எதையும் கொள்வதுமில்லை, பழமை என்பதற்காக எதையும் தள்ளுவதுமில்லை.

பாடப் பக்கத்தில் ஒரு வரி மட்டும் தெரியும்படி அட்டையிலே சாளரம் வெட்டிக் கொடுத்தோம். வகுப்பில் திடீரென்று எழுப்பி வாசிக்கச் சொல்வதை ஆசிரியை நிறுத்தினார். நாளைக்கு எந்த இரண்டு வரி என்பதை முதல் நாளே அவனிடம் சொல்லி விடுவார். சமூக அறிவியல் விடைகளை வாயால் சொல்ல விட்டார். எல்லாவற்றிலும் சிறந்தது ஒரு சிவப்பு மூடி. பழைய சோடாப் புட்டியின் மூடி. தாங்க முடியவில்லை என்றால் அதை மேசை மேல் வைக்க வேண்டும். வைத்தால் இரண்டு நிமிடம் போய்த் தண்ணீர்க் குடத்தை நிரப்பிவிட்டு வரலாம். பென்சிலை எறிந்து பெற்ற கதவை, கேட்டுப் பெறக் கற்றுக்கொண்டான். முதல் வாரம் ஒரு நாளைக்கு எத்தனை முறை குடம் நிரம்பியது என்று கேட்காதீர்கள். பள்ளித் தோட்டமே செழித்திருக்கும்! போகப் போகக் குறைந்தது. ஆண்டு முடிவில் எளிய வரிகளை மெல்ல வாசித்தான். ன-ணவில் இன்றும் தடுமாற்றம் உண்டு. மேசைக்கடியில் படுப்பது நின்றது.

அவனைப் பற்றி ஊர் சொன்னது ‘திமிர்’ என்பதோடு போயிற்று. அடுத்த தெருச் சிறுமிக்கு ஊர் கொடுத்த பெயர் வேறு: ‘பேய்’! ஏழு வயது. கேட்ட கேள்விக்கு விடை சொல்லாமல் கேள்வியையே திருப்பிச் சொல்வாள். கண்ணோடு கண் பார்க்க மாட்டாள். பள்ளி மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு அலறுவாள். நண்பகல் உணவு வேளையில் தட்டுகள் மோதும் ஓசை எழுந்தால் சுவரில் தலையை மோதிக்கொள்வாள். கோடாங்கியிடம் அழைத்துப் போனார்கள். உடுக்கை அடித்தான், வேப்பிலையால் விளாசினான், குலதெய்வக் குற்றம் என்றான், கறுப்புக் கயிறு கட்டிக் காசு வாங்கினான். ஓசை தாங்காத குழந்தையின் காதருகே உடுக்கை! அவள் மயங்கி விழுந்தபோது ‘பேய் இறங்கிற்று’ என்று மகிழ்ந்தார்களாம்.

இந்நாட்டில் இந்தப் பாதை எதுவரை போகும் என்பதை நாம் கண்டிருக்கிறோம். 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகமொன்றின் கொட்டகை பற்றி எரிந்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் ஓட முடியாமல் எரிந்தனர். மாண்டவர் 28 பேர். மனநோய் வேறு, இச்சிறுமியின் ஆட்டிசம் வேறு. ஆனால் காரணம் தேடாத ஊர், இருவருக்கும் எடுத்துக் கொடுப்பது ஒரே கயிற்றை.

அந்தச் சிறுமியின் தாயை ஊர் விட்டுவைத்ததா? கருவுற்றிருந்தபோது கிரகணத்தன்று வெளியே போனாளாம். மலையிலே ஆகாத இடத்தில் கால் வைத்தாளாம். சிரிக்கத் தோன்றும். பொறுங்கள்; இதே மூடநம்பிக்கை வெள்ளை அங்கி அணிந்தும் உலவியது. அமெரிக்காவில் 1943இல் லியோ கேனர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளை ஆராய்ந்து ஆட்டிசத்தை விளக்கி எழுதினார். பின்னர் வந்த புரூனோ பெட்டல்ஹைம், தாயின் அன்பின்மையே காரணம் என்று 1967இல் ஒரு நூலே எழுதி ஆயிரக்கணக்கான தாய்மாரைக் கண்ணீரில் ஆழ்த்தினார். கோடாங்கிக்கும் அவருக்கும் உடையில்தான் வேறுபாடு! அறிவியலின் பெருமை என்னவென்றால், அந்த உடுக்கையை அதுவே பிடுங்கி உடைத்தது. ஆட்டிசம் உள்ள மகனுக்குத் தந்தையான பெர்னார்ட் ரிம்லண்ட் என்ற உளவியலாளர், இது மூளையின் அமைப்பில் உள்ள வேறுபாடு என்று 1964இலேயே வாதிட்டிருந்தார்; இரட்டைக் குழந்தைகளை ஆராய்ந்த ஃபோல்ஸ்டைனும் ரட்டரும் 1977இல் பரம்பரைக் கூறு அதில் பெரும்பங்கு வகிப்பதைக் காட்டினர். 1998இல் தடுப்பூசியின் மேல் பழி போட்ட கட்டுரையொன்றும் வந்தது. வெளியிட்ட ஏடே 2010இல் அதைத் திரும்பப் பெற்றது. அந்தப் பழி இன்றும் கைப்பேசி வழியே போடி வரை வந்து சேர்கிறது என்பது வேறு கதை. ‘ஆறே மாதத்தில் ஆட்டிசம் குணம்’ என்ற விளம்பரமும் கூடவே வருகிறது. கறுப்புக் கயிற்றுக்குக் கொடுத்த காசைவிட இதற்குக் கொடுக்கும் காசு பன்மடங்கு.

சிறுமிக்குப் பள்ளியில் செய்தது என்ன? மணி அடிக்கப் போகிறது என்பதை ஒரு நிமிடம் முன்னதாக அவள் கையைத் தொட்டுச் சொன்னார்கள். உணவு வேளையில் கூடத்தின் நடுவே உட்கார்த்தாமல், சமையலறைத் திண்ணையில் ஒரு தோழியுடன் அமர்த்தினார்கள். அன்றைய நாளின் ஒழுங்கைக் கரும்பலகையின் ஓரத்தில் ஆசிரியை படமாக வரைந்தார்: புத்தகம், தட்டு, பந்து, வீடு. ஒன்று முடிந்ததும் அவளே போய் அதை அழிப்பாள். அடுத்து என்ன வரும் என்று தெரியாத உலகம் அவளுக்கு அச்சமூட்டும் காடு. படம் அந்தக் காட்டிலே ஒரு பாதை. மந்திரம் இல்லை, மருந்து இல்லை, செலவு ஒரு சாக்பீசு. அவள் இன்றும் கண்ணோடு கண் பார்ப்பதில்லை. பார்க்கத்தான் வேண்டுமென்று யார் சட்டம் போட்டது?

“ஒரு பிள்ளைக்காக வகுப்பையே மாற்றுவதா? மற்றப் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்?” என்று ஒரு நண்பர் கேட்டார், நல்ல மனிதர், நம் கூட்டங்களுக்குத் தவறாமல் வருபவர். அவருக்கு எங்கள் தொழிலிலிருந்தே விடை சொன்னேன். ஏலச்செடியில் ஒரு சரத்திலுள்ள காய்கள் ஒரே நாளில் முற்றுவதில்லை. அடிக்காய் முற்றும்போது நுனியில் பூ இருக்கும். ஆகவே தோட்டத்தில் ஒரே தடவையாக அறுப்பதில்லை. முற்றிய காயை எடுத்துவிட்டு, நாற்பது ஐம்பது நாள் கழித்து மறுபடி வந்து எடுக்கிறார்கள். காய் சிறுத்தால் மழையைப் பார்ப்பார்கள், நிழலைப் பார்ப்பார்கள், பேன் பூச்சியா அழுகல் நோயா என்று பார்ப்பார்கள். ‘இந்தச் செடி திமிர் பிடித்தது’ என்று எந்தக் கங்காணியும் சொல்லி நான் கேட்டதில்லை! நண்பர் சிரித்தார், ஒப்பவில்லை. பிறகு அந்த வகுப்புக்கே அழைத்துப் போனேன். கரும்பலகைப் படத்தைப் பார்த்து எல்லாப் பிள்ளைகளும் அடுத்த பாடத்துக்குப் புத்தகம் எடுத்து வைத்திருந்ததைக் கண்டார். அதன்பின் அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. எழுத்துச் சீர்திருத்தம் யாருக்காகத் தொடங்கியதோ, பயன் எல்லோருக்கும் கிடைத்தது போல.

இன்னொரு வகை நண்பர் உண்டு. அவர் இரக்கமுள்ளவர். “இத்தகைய பிள்ளைகளுக்கு உள்ளே ஏதாவது ஒரு பெரிய திறமை ஒளிந்திருக்குமாமே? படம் வரைவானா? பாடுவானா?” என்று ஆவலோடு கேட்பார். திரைப்படம் செய்த வேலை! எங்கள் பையன் வரையவில்லை, பாடவுமில்லை. வாய்க்கணக்கு நன்றாகப் போடுவான், அவ்வளவே. வித்தை காட்டினால்தான் வகுப்பறையில் இடம் என்பது எந்த ஊர் நியாயம்? மற்றப் பிள்ளைகளிடம் வாசலில் நிறுத்தி ‘உன் திறமை என்ன?’ என்று கேட்டா உள்ளே விடுகிறோம்? உரிமை என்பது வித்தைக்குக் கொடுக்கும் பரிசன்று.

அந்த உரிமை ஏட்டிலே இருக்கிறது. 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் 7 வகைகளையே கண்டது. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அதில் இல்லை. 2016ஆம் ஆண்டின் சட்டம் 21 வகைகளைக் கண்டது. இரண்டும் அதில் இடம் பெற்றன. ஏ.டி.எச்.டி.க்குத் தனி இடம் இன்னும் இல்லை. சான்றிதழ் பெற்றால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் உண்டு. சொல்வதை எழுத ஆள் உண்டு. சிறப்பாசிரியர் ஒருவருக்குத் தொடக்கப் பள்ளியில் இத்தகைய பிள்ளைகள் 10 பேர், நடுநிலை, உயர்நிலையில் 15 பேர் என்று 2021இல் உச்சநீதிமன்றம் அளவு வகுத்தது. ஆனால் எங்கள் சிறப்பாசிரியையோ ஒரு பள்ளியிலிருந்து மறு பள்ளிக்குப் பேருந்தில் ஓடிக்கொண்டே இருப்பவர், தொகுப்பூதியம், நிரந்தரம் என்ற சொல்லைக் கேட்டால் புன்னகை மட்டும் செய்வார். சான்றிதழுக்கு வருவோம். போடியிலிருந்து தேனி, தேனியிலிருந்து கானாவிலக்கு மருத்துவக் கல்லூரி. ஒருமுறை போவதென்றால் மலைக்குப் போகும் தாய்க்கு ஒரு நாள் கூலி போயிற்று. ஒருமுறையோடு முடிவதுமில்லை. உரிமைக்குப் பயணச் சீட்டு யார் எடுப்பது?

நம் மன்றங்கள் எடுக்கலாம் என்கிறேன். மேடை போட்டு முழங்குவது வேண்டாம் என்று சொல்லவில்லை. அம்மாச்சிக்குத் துணையாக ஒரு தோழர் கானாவிலக்கு வரை போய், வரிசையில் நின்று, படிவத்தை நிரப்பித் தருவதும் இயக்கப் பணியே. பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோருக்கு இடம் உண்டு. அங்கே உட்கார்ந்து ‘சிறப்பாசிரியர் மாதத்தில் எத்தனை நாள் வந்தார்?’ என்று கேட்பதும் பகுத்தறிவுப் பணியே.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், ‘மக்கு’ என்று முத்திரை விழுந்த பையன் எங்கே போகிறான் என்பதை நான் விடியற்காலையில் கண்ணால் காண்கிறேன். 1953ஆம் ஆண்டு இராசாசி அரசு, பிள்ளைகளுக்குப் பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் அப்பன் தொழிலைக் கற்கட்டும் என்றது. குலக்கல்வித் திட்டம் என்று நாடே கொதித்தது. 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. சட்டத்தில் ஒழிந்தது. போடியின் தெரு முனையில்? எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட பையன் தாயின் அருகே ஜீப்பில் உட்கார்ந்திருக்கிறான். “படிப்பு ஏறலே, கணக்குப்பிள்ளை. மலைக்காவது வரட்டும்னு கூட்டிட்டுப் போறேன்” என்கிறாள் தாய். யாரும் ஆணையிடவில்லை, அரசாணை எதுவும் வரவில்லை. ‘ஏறலே’ என்ற ஒரு சொல் போதுமாயிற்று. ஏறாதது படிப்பா, ஏற்றத் தெரியாத வகுப்பா என்று கேட்க அந்தத் தாய்க்கு நேரமில்லை, ஜீப்பு உறுமுகிறது.

எங்கள் பையன் இந்த ஆண்டு ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளி போனான். புதிய கட்டடம், பாடத்துக்கு ஓர் ஆசிரியர், ஒவ்வொரு மணிக்கும் ஒரு புதிய முகம். முதல் வாரமே இருமுறை வெளியே நின்றான் என்று அம்மாச்சி வந்து சொன்னார். பழைய நோட்டுகள் இரண்டையும் சிவப்பு மூடியையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு, கடைக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டுப் போனேன். வகுப்பாசிரியர் இளைஞர். வாங்கி மேசை மேல் வைத்தார், பக்கத்தைப் புரட்டவில்லை. “பார்க்கிறேன் சார்” என்றார். வரும் வெள்ளிக்கிழமை பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். அம்மாச்சியும் நானும் போகிறோம்; மலையிலிருந்து தாயும் ஒரு நாள் கூலியை விட்டு இறங்கி வருகிறேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள்.